கம்பத்திலிருந்து சுவர் வரை

வீட்டுக்கு இண்டர்நெட் வாங்குகிறவர்கள் முதலில் வேகத்தைக் கேட்கிறார்கள், அடுத்து மாத வாடகையைக் கேட்கிறார்கள். எந்தக் கம்பி வழியாக வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து. கும்பகோணம் வட்டாரத்தில் எண்பதுகளின் நடுவில் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, பிறகு கேபிள் ஜாயிண்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள தூரத்திலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. கடலுக்கு அடியில் வருவதும், ஊருக்கு ஊர் போவதும் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி இழைதான். தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் டயல்-அப், டிஎஸ்எல், கேபிள், ஃபைபர், ஏர்ஃபைபர் என்று பெயர்கள் பிரிகின்றன. அந்தக் கடைசித் தூரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வேறு வேலைக்காகப் போட்ட கம்பியில் புது வேலையை ஏற்றி ஏற்றிப் பார்த்த வரலாறு அது.

முதல் கம்பி பேச்சுக்காகப் போட்டது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊர்களிலும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. ஆரம்ப காலம் கழிந்து முறை நிலைபெற்ற பிறகு வெகுகாலம் அடிப்படை மாறவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு செம்புக் கம்பிகள். எங்கள் பேச்சில் அது ஒரு 'பேர்'. எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப். என்ற பெரிய இரும்புச் சட்டத்தில் தொடங்கி, தரைக்கடியில் தடித்த கேபிளாகப் போய், தெருமுனைப் பில்லரில் பிரிந்து, கம்பத்தில் இருக்கும் டி.பி. பெட்டிக்கு வந்து, அங்கிருந்து டிராப் வயராக வீட்டுக்குள் இறங்கும். ரிசீவரை எடுத்தால் டோன் வருவதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சு பேட்டரியிலிருந்து அதே செம்பில்தான் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியதற்குக் காரணம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய கேபிள்களில் ஒவ்வொரு கம்பிக்கும் காகிதம் சுற்றியிருக்கும், மேலே ஈய உறை. ஜாயிண்ட் போட்டு முடித்ததும் ஈயக் குழாயைச் செருகி, பற்றவைத்து மூட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் காகிதம் நனைந்து தெருவே ஊமையாகிவிடும். பிறகு ஜெல்லி கேபிள் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிகளுக்கு நடுவே பசை போன்ற ஜெல்லி நிரம்பியிருக்கும்; தண்ணீர் எளிதில் புகாது. கம்பிகளுக்கு நிறமும் வந்தது. வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு, வெள்ளை–பச்சை, வெள்ளை–பழுப்பு, வெள்ளை–சாம்பல். அடுத்து சிவப்போடு இதே ஐந்து. இதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவனைப் பள்ளத்துக்குள் இறங்க விடமாட்டார்கள் மூத்த ஜாயிண்டர்கள்.

அந்தக் காலத்தில் போனுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். டிராப் வயரை வீட்டுக்குள் இழுக்கும் நாளில் எனக்குக் காபியும் வெற்றிலையும் தந்து உபசரித்த வீடுகள் பல. பேசுவதற்கென்று கேட்டு வாங்கிய அந்தச் செம்பு பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் உதவும் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்தது. தொடங்கிய பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. கும்பகோணத்திலிருந்து இண்டர்நெட்டுக்குள் போக ஆரம்பத்தில் எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்புப் போட வேண்டியிருந்தது. கணக்கு வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. மோடம் என்ற பெட்டி கம்ப்யூட்டரின் தகவலைச் சத்தமாக மாற்றிப் போன் கம்பியில் அனுப்பும்; மறுமுனை மோடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பத் தகவலாக்கும். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் இண்டர்நெட் ஓடும் வரை போன் எங்கேஜ்டாக இருக்கும், மீட்டரும் ஓடும்.

மனிதக் குரலுக்கு வேண்டியது 4,000 ஹெர்ட்ஸ் அகலம்தான் என்று கணக்கிட்டு எக்ஸ்சேஞ்சுகளை அமைத்திருந்தார்கள். அந்த அகலத்துக்குள் எவ்வளவு நெருக்கினாலும் 56 கேபிபிஎஸ்தான் எல்லை. 4 எம்பி அளவுள்ள ஒரு பாட்டு இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 1998 நவம்பரில் தனியாருக்கும் இண்டர்நெட் உரிமம் கிடைத்தது. சென்னையில் பிறந்த சத்யம் இன்ஃபோவே களத்தில் இறங்கி, அடுத்த ஆண்டே அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலாகிப் பெயர் வாங்கியது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. ஐ.எஸ்.டி.என். என்று ஒரு சேவையும் இருந்தது; 64 கேபிபிஎஸ் பாதைகள் இரண்டைச் சேர்த்து 128 தரும். வங்கிகளும் அலுவலகங்களும் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை.

இதே நேரத்தில், செம்பே வேண்டாம் என்று ஒரு முயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. அதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் இயங்கிய டெனெட் குழு, மிடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. கோபுரத்தில் ஒரு நிலையம், வீட்டுச் சுவரில் ஒரு சின்ன ஆண்டெனா. பார்வைக்குத் தடையில்லாவிட்டால் 10 கிலோமீட்டர் தூரம் எட்டும். போனும் பேசலாம், 35 கேபிபிஎஸ் இண்டர்நெட்டும் சேர்ந்து ஓடும். பேச்சு இல்லாதபோது 70 கிடைக்கும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 வாக்கில் இதை வைத்து இண்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். என் மனைவிக்கு ஊர் அந்தப் பக்கம். மாமனார் வீட்டுக்குப் போனபோது ஒரு மையத்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளூர்ப் பெண் ஒருவர்தான் நடத்தினார். தாலுகா அலுவலகத்துக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போனது. கண்ணில் கோளாறு உள்ளவர்களின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது. கம்பம் நட்டுச் செம்பு இழுத்தால் எத்தனை ஆண்டு ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தை ஒரு சுவர் ஆண்டெனா கடந்திருந்தது. பின்னால் வந்த மொபைல் அலையில் கார்டெக்ட் கரைந்துபோனது உண்மை. ஆனால் கிராமத்துக்கும் இண்டர்நெட் தேவை, அதற்குக் காசு கொடுக்கவும் ஆள் உண்டு என்று காட்டிய முன்னோடிகளில் அவர்களும் உண்டு.

அடுத்து வந்ததுதான் என் தொழிலுக்கு மறுபிறவி கொடுத்தது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டருக்கு ஒரு தனியார் கடலடிக் கேபிள் வந்தது, 2004-இல் இன்னொன்று வந்தது. கரை வரை தாராளம் வந்துவிட்டது, அடைப்பு தெருவில்தான். 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும், 256 கேபிபிஎஸ்ஸாவது வர வேண்டும், அதுதான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில், எங்கள் துறையிலிருந்து உருவான பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்ற பெயரில் டிஎஸ்எல் சேவையைத் தொடங்கியது.

டிஎஸ்எல் முறையின் சூட்சுமம் எளிமையானது. குரலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் போதும், ஆனால் செம்புக் கம்பி பத்து லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலும் தாங்கும். குரலைக் கீழே விட்டுவிட்டு, 25,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காலியாகக் கிடந்த இடத்தில் தகவலை ஏற்றினார்கள். எக்ஸ்சேஞ்சில் டிஎஸ்லாம் என்ற கருவி, வீட்டில் மோடம், இரண்டையும் பிரிக்க ஸ்பிளிட்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டி. போன் பேசிக்கொண்டே இண்டர்நெட் பார்க்கலாம். வீட்டில் மனிதர்கள் அனுப்புவதைவிட இறக்குவது அதிகம் என்பதால் இறங்கும் பக்கத்துக்கு அகலம் அதிகமாகவும் ஏறும் பக்கத்துக்குக் குறைவாகவும் ஒதுக்கினார்கள்.

ஆனால் செம்புக்குத் தூரம் ஆகாது. அதிர்வெண் கூடக் கூடக் கம்பியில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துபோகும். எங்கள் காவிரிப் படுகையில் இதை விளக்க நான் தேடி அலையவில்லை. தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் ஒரே வாய்க்கால்தான், ஒரே தண்ணீரா போகிறது? எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருக்காரருக்கு மோடம் முழுவேகத்தில் நிற்கும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இருவரும் ஒரே வாடகை கட்டியவர்கள்.

அதனால் லைன்மேன்கள் புதுப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. டோன் வருகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகியவர்கள் மோடத்தின் பக்கத்தைத் திறந்து சிக்னல் எவ்வளவு தேய்கிறது (அட்டனுவேஷன்), இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது (எஸ்.என்.ஆர்.) என்று பார்க்கத் தொடங்கினோம். குரலுக்குப் போதுமான ஜாயிண்ட் டிஎஸ்எல்லுக்குப் போதவில்லை. முப்பது ஆண்டுக்கு முந்தைய ஜாயிண்டில் லேசாகப் பச்சை பூத்திருந்தால் பேச்சில் தெரியாது, இண்டர்நெட்டில் உடனே தெரியும். ஒரு வீட்டில் ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கம்பியைப் பிரித்து மாடியில் இன்னொரு போன் வைத்திருப்பார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்துவிடும். வாடிக்கையாளர் மோடத்தைக் குறை சொல்வார். நான் மாடிக்குப் போய் அந்தப் போனுக்கு ஒரு ஃபில்டர் போட்டுவிட்டு வருவேன். ஐப்பசி அடைமழையில் டி.பி. பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் புகார் எண் 198 ஓயாமல் அடிக்கும்.

அந்த நாட்களின் கட்டணம் வீட்டுப் பழக்கத்தையே மாற்றியது. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் அளவு குறைவு. ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை. கல்லூரிப் பையன்கள் அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கினார்கள். அமெரிக்காவில் மகன் இருக்கும் பெற்றோர் விடியற்காலையில் வெப்கேம் முன் உட்கார்ந்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலையின் படத்தை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினார்கள். தாராசுரத்துப் பட்டுக் கடைகளிலிருந்து சேலை டிசைன் மின்னஞ்சலில் போனது. 2007 தொடக்கத்தில் பல திட்டங்களின் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை உயர்ந்தபோது, நான் போட்ட ஜாயிண்டுகள் அதைத் தாங்கின. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

இரண்டாவது கம்பி டிவிக்காக வந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கேபிள்காரர் டிஷ் வைத்து, கோஆக்சியல் கேபிளை மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி இழுத்தார். நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் வலைபோன்ற உலோக உறை. வெளி இரைச்சலும் உள்ளே வராது, உள்ளே போவதும் வெளியே கசியாது. ஒரு டிவி சேனல் பிடிக்கும் இடத்திலேயே 30, 40 எம்பிபிஎஸ் தகவலை ஏற்றலாம். கொள்ளளவில் போன் செம்பைவிட இது பெரியது. குறைகள் இரண்டு. ஒன்று, டிவி ஒருவழிப் பாதை. வழியிலுள்ள ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாம் வீட்டை நோக்கியே தள்ளும். வீட்டிலிருந்து திரும்பப் போகும் பாதையைத் தனியாக அமைக்க வேண்டும். இரண்டு, ஒரு தெருவே ஒரு கேபிளைப் பங்குபோடுகிறது. மாலை எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தால் எல்லோருக்கும் குறையும். போன் செம்பில் வேகம் தூரத்தால் குறையும். டிவி கேபிளில் பக்கத்து வீட்டாரால் குறையும்.

திரும்பும் பாதை அமைக்கச் செலவு அதிகம் என்பதால் பல ஊர்களில் கேபிள்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் வயரை மாடிக்கு மாடி இழுத்து, நடுவில் ஸ்விட்ச் பெட்டி வைத்துக் கொடுத்தார்கள். 'கேபிள் நெட்' என்று மக்கள் சொன்னதில் பாதி இதுதான். லேன் வயர் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் யார் வீட்டு மாடியிலாவது ஸ்விட்ச் இருக்கும்; அந்த வீட்டில் கரண்ட் போனால் தெருவுக்கே இண்டர்நெட் போகும். இருந்தாலும் அந்தக் கேபிள்காரர்களை நான் மதிக்கிறேன். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் ஏணியோடு வந்து நிற்பார்கள். தெருவின் ஒவ்வொரு வீடும் அவர்களுக்குப் பெயரோடு தெரியும். அந்த நெருக்கம் அடுத்த கட்டத்தில் பெரிய மூலதனமானது.

மூன்றாவது கம்பி, தகவலுக்காகவே பிறந்த முதல் கம்பி. 1966-இல் சார்லஸ் காவ், கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் ஒளி அதற்குள் வெகுதூரம் போகும் என்று காட்டினார். 2009-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையைச் செய்துகாட்டியது. எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவில் இந்த இழையை நாங்கள் வெகுகாலமாகவே போட்டு வந்தோம். வீட்டுச் சுவர் வரை வரத்தான் நாளானது.

வீட்டுக்கு வரும் ஃபைபரில் இழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஊர்களில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு இழை புறப்படும். தெருவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும். அந்த ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், மழைக்கும் அது அஞ்சாது. 20 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். ஒரு இழையில் இறங்கும் பக்கம் சுமார் 2.5 ஜிகாபிட், ஏறும் பக்கம் 1.25 ஜிகாபிட், அதை அத்தனை வீடுகளும் பங்கிட்டாலும் தாராளம். பத்து நிமிடத்துக்கு மேல் இறங்கிய அந்த 4 எம்பி பாட்டு 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் அரை நொடிகூட எடுக்காது.

ஜாயிண்டும் மாறியது. உறையை உரித்து, இழையை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் மின்பொறி இரு முனைகளையும் உருக்கி ஒன்றாக்கும். ஈயம் காய்ச்சிய கைகளுக்கு அது பழக நாளானது. ஆனால் இழைகளின் நிற வரிசையைப் பார்த்தபோது தெம்பு வந்தது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். செம்புக் கேபிளில் படித்த அதே ஐந்தும் அதே வரிசையில் இருந்தன.

2011 அக்டோபரில் நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோக மத்திய அரசு ஒப்புதல் தந்தது; அது பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் வந்தது. 2019-இல் ஜியோஃபைபர் வணிகச் சேவையாக இறங்கியதும் போட்டி சூடானது. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 78,500 பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். இரண்டே மாதத்தில் ஊரடங்கு. பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்துவிட்ட அந்த நாட்களில் தெருத்தெருவாக ஃபைபர் இழுத்தவர்கள் பெரும்பாலும் பழைய கேபிள்காரர்கள்தான். நான் பழக்கிவிட்ட இளைஞர்கள் சிலரும் அவர்களோடு இருந்தார்கள்.

ஃபைபருக்கும் ஒரு குறை உண்டு. செம்பு தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது, கண்ணாடி கொண்டுவராது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது சீரமைப்புக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருளில் இருந்த ஊர்களில், தரைக்கடியில் கேபிள் போன தெருக்களில் மட்டும் எக்ஸ்சேஞ்சு ஜெனரேட்டர் ஓடும் வரை போன் பேசியது. இன்று ஃபைபர் வீடுகளில், ஒளியைத் திரும்பத் தகவலாக்கும் ஓ.என்.டி. பெட்டிக்குச் சின்ன பேட்டரி வைக்காவிட்டால் கரண்ட் போன நொடியே எல்லாம் நின்றுவிடும்.

கடைசியாகக் கம்பியே இல்லாதவை. 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்று கொண்டுவந்தது 5ஜி கோபுரத்திலிருந்து வீட்டு மாடி ஆண்டெனாவுக்கு வருவது. பெயரில் ஃபைபர் இருந்தாலும் கடைசித் தூரம் காற்றில்தான். கோபுரத்தின் தூரமும் அதில் தொங்கும் கூட்டமும் வேகத்தைத் தீர்மானிக்கும். செயற்கைக்கோள் இணைப்பில் பழையவை 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதால் பேச்சில் இடைவெளி தெரியும். புதியவை 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் அது தீர்ந்தது. மலைக் கிராமத்துக்கும் தீவுக்கும் அது வரம். தெருவில் ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை.

2004-இல் 256 கேபிபிஎஸ் என்று வரையறுத்த பிராட்பேண்டை 2013-இல் 512 ஆக்கினார்கள், 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். வேகத்தின் எண் இன்னும் மாறும். ஆகவே புது இணைப்பு வாங்குகிறவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள். கம்பத்திலிருந்து என் சுவருக்கு வருவது செம்பா, லேன் வயரா, ஃபைபரா, காற்றா? ஏறும் வேகம் எவ்வளவு? கரண்ட் போனால் என்ன ஆகும்? பழுதானால் ஏணியோடு வரப்போகிறவர் எங்கே இருக்கிறார்? ஃபைபர் வந்த வீட்டில் ஓ.என்.டி.யில் ஒளி அளவு மைனஸ் 20 டிபிஎம் சுற்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 27-ஐத் தொட்டுவிட்டால் எங்கோ மடக்கி ஆணி அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. செம்போ கண்ணாடியோ, நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி மண்வெட்டியாலும் ஜேசிபியாலும் வந்தவை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய தெருவையே மறுபடி சாக்கடைக்கும் மறுபடி கேபிளுக்கும் தோண்டினோம். அடுத்த முறை சாலை போடும்போது அதன் ஓரத்தில் ஒரு காலிக் குழாயைப் புதைத்துவிடுங்கள். எந்தக் கம்பி வந்தாலும் அதற்குள் போகட்டும்.